புறவாசல் கிறிஸ்துமஸ்

செருப்பை வெளியே விட்டுவிட்டு, உடம்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு பக்கவாட்டில் உள்ளே வாருங்கள். கதவு பாதிக்கு மேல் திறக்காது. பின்னால் ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டி. அந்தச் சுவரைத் தொட வேண்டாம், பசை காயவில்லை. சோபாவில் உட்காரவும் வழியில்லை. நூற்றுச் சொச்சம் சிவப்புக் காலுறைகள் வாயைப் பிளந்துகொண்டு அதில் படுத்திருக்கின்றன. சமையல்கட்டில் யாரோ பாடுகிறார்கள், அடுத்த அறையில் யாரோ பிரிண்டரைத் திட்டுகிறார்கள். பாடுகிறவருக்கு வயது 69. திட்டுகிறவருக்கு 71. இந்த ஜோடியைத்தான் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

ஊர், பிலிப்பைன்ஸில் பம்பாங்கா மாகாணத்து ஏஞ்சலஸ் நகரம். என் அக்கா மகள் இங்கே மருத்துவம் படிக்கிறாள். அவளைப் பார்த்து நாலு நாள் சமைத்துப் போடலாம் என்று வந்தவள் நான். அவள் அறைக்கு நேர் கீழே இந்த அமெரிக்கத் தம்பதியின் வீடு. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் வாய் நிறையச் சிரிப்பு, சட்டையில் கறுப்புப் பெயரட்டை. “சித்தி, அவங்க மிஷனரிங்க. கிறிஸ்துமஸ் வேலைக்கு ஆள் பத்தலையாம், வர்றீங்களா?” என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் பாதிப் படி இறங்கிவிட்டேன்.

மிஷனரி என்றால் நமக்குக் கால்டுவெல், ஜி.யு. போப். ஒப்பிலக்கணம், திருவாசக மொழிபெயர்ப்பு, கல்லறைத் தோட்டம். இந்த வீட்டு மிஷனரியோ காதுக்கு மேல் பென்சிலைச் செருகிக்கொண்டு, தரையில் சம்மணம் போட முயன்று தோற்று, ஒரு காலை நீட்டியபடி டூத்பேஸ்ட் எண்ணிக்கொண்டிருந்தார்.

இவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபையைச் சேர்ந்தவர்கள். வெளியுலகத்துக்கு மார்மன்கள். தலைமையகம் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி. வெள்ளைச் சட்டையும் டையும் கறுப்பு அட்டையுமாக ஜோடி ஜோடியாக நடந்து போகும் பையன்களை இந்த நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் பார்க்கலாம். 1961இல் இங்கே ஊழியம் தொடங்கியது. இன்று பிலிப்பைன்ஸில் மட்டும் எட்டு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். அந்தப் பையன்கள் இரண்டு வருடம், பெண்கள் ஒன்றரை வருடம் வீட்டை விட்டு வருகிறார்கள். வயது பெரும்பாலும் 18, 19, 20. மீசை முளைக்கிற வயது, ஆனால் வைத்துக்கொள்ளக் கூடாது.

தெருவில் போகிறவர்கள் பார்ப்பது அவர்களைத்தான். அவர்களுக்குப் பின்னால் இப்படிச் சில மூத்த தம்பதிகள் இருப்பது வெளியே தெரியாது. பிள்ளைகளைக் கரையேற்றி, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கணவனும் மனைவியுமாக மனுப் போட்டு, சொந்தக் காசைச் செலவழித்து வெளிநாட்டுக்கு வருகிறார்கள். ஆறு மாதமும் இருக்கலாம், இரண்டு வருடத்தைத் தொடும் அளவுக்கும் இருக்கலாம். பையன்களைப் போல நாள் முழுக்கக் கதவு தட்டும் கட்டாயம் இவர்களுக்கு இல்லை. விசா, வாடகைச் சீட்டு, வண்டிச் சாவி, காய்ச்சல் மாத்திரை, அடைத்துக்கொண்ட கழிப்பறை, எல்லாம் இவர்கள் தலையில். இந்த ஜோடி ஐடஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டவர்கள். நிலத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவு முழுக்கப் பேரப்பிள்ளைகள். இடம் போதாமல் இரண்டு பேர் மைக்ரோவேவ் மேலே.

காலுறை ரகசியத்துக்கு வருவோம். தையல் இந்த ஊர்ச் சபைப் பெண்களுடையது. உள்ளே போடுவது இவர்கள் பொறுப்பு: உலர்ந்த மாம்பழம் ஒரு பொட்டலம், பொல்வொரோன் என்கிற மாவுருண்டை, பேனா, டூத்பேஸ்ட், பையன்களுக்கு ஒரு டை. அடியில் ஒரு கடிதம். அந்தக் கடிதத்துக்குத்தான் இத்தனை பிரிண்டர் சண்டையும். மிஷனரிப் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களிடமிருந்து மாதக்கணக்கில் கெஞ்சி மின்னஞ்சலில் கடிதம் வாங்கி, ஒருவருக்கும் தெரியாமல் அச்சடித்து, உறையில் போட்டு, காலுறைக்குள் தள்ளி வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் கூட்டத்தன்று கையை விட்டால் டூத்பேஸ்டுக்குக் கீழே வீடு இருக்கும்.

கடிதத்தைப் படிக்கக் கூடாது. அது அந்த அம்மாள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். “ஆனால் எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறார். ஒரு தாய் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். ஒரு தகப்பன் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வீட்டு நாயை வாசலில் உட்கார வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். “இந்தப் பையன்தான் அதிகமாக அழப்போகிறான், பாருங்கள்” என்றார் பெரியவர், நாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

பிரிண்டர் நாலு தாளுக்கு ஒரு தடவை நின்றது. அவர் அதன் பக்கவாட்டில் ஒரு குத்து விடுவார். டிராக்டருக்கும் அதே வைத்தியம்தானாம்.

பட்டியலின் ஓரத்தில் சில பெயர்களுக்கு நேரே பென்சிலில் சிறு வட்டம். அந்தப் பிள்ளைகளுக்குக் கடிதம் வரவில்லை. சில வீடுகளில் இணையம் இல்லை. சில வீடுகளில், பிள்ளை இந்தச் சபைக்குப் போனதே பிடிக்காமல் பேச்சு வார்த்தை இல்லை. கேட்டுப் பார்த்து, மறுபடி கேட்டுப் பார்த்து, டிசம்பர் பாதியானதும் தம்பதி இருவரும் வட்டங்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அம்மாளுக்குக் கடிதம் தண்ணீர் பட்ட பாடு. பெரியவர் வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு தவியாய்த் தவித்தார். முன்பின் பேசிப் பழகாத பையனுக்கு என்ன எழுதுவது? கடைசியில், சேற்றில் அச்சு வரை புதைந்துபோன டிராக்டரைப் பற்றி எழுத ஆரம்பித்தார். எந்த வயல், அன்றைக்கு என்ன மழை, எந்தப் பக்கம் பலகை வைத்தார், யார் சங்கிலி கொண்டுவந்தார்கள் என்று தாள் தீர்ந்துபோகும்வரை எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டார்.

முன்பெல்லாம் இந்த மிஷனரிப் பிள்ளைகள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவது வருடத்துக்கு இரண்டே தடவை: அன்னையர் தினத்திலும் கிறிஸ்துமஸிலும். இவர்களுடைய மகன்கள் ஊழியத்துக்குப் போயிருந்தபோது, குடும்பமே தொலைபேசியைச் சுற்றி அரை வட்டமாக நின்றிருக்கிறது. யார் எத்தனை நிமிடம் என்று சமையலறைக் கடிகாரத்தை வைத்துக் கணக்கு. 2019 பிப்ரவரியில் சபை விதியைத் தளர்த்தியது. இப்போது வாரா வாரம் பேசலாம். “அப்போது வருடத்துக்கு இரண்டு தடவை மொத்தமாக அழுவோம். இப்போது வாரத் தவணை” என்றார் அம்மாள்.

அப்புறம் ஒரு ரகசிய வேட்டைக்கும் போனேன். பையன்கள் தங்கியிருக்கும் வாடகை வீடுகளைச் சோதனை போடுவது மூத்த தம்பதியின் நிரந்தர வேலைகளில் ஒன்று. வேன் தெருமுனையில் திரும்புகிறபோதே மாடி ஜன்னலில் ஒரு தலை தெரிந்து மறையும். உடனே உள்ளே தடதடவென்று ஓட்டம், பாத்திரம் விழுகிற சத்தம், ஃபிளஷ் இழுக்கிற சத்தம். கதவு திறக்கும்போது நாலு பையன்களும் வேர்த்து விறுவிறுத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி வரிசையாக நிற்பார்கள். கொடியில் வெள்ளைச் சட்டைகள், கட்டிலடியில் வாடை வீசும் காலுறைகள், பானையில் நேற்றைய சோறு. ஒரு கிறிஸ்துமஸ் மரமும் உண்டு: துணி காயவைக்கும் ஸ்டாண்டுக்குப் பச்சைத் துண்டு போர்த்தி, டைகளைத் தோரணமாகச் சுற்றி, உச்சியில் வாளி மூடியில் வெட்டிய நட்சத்திரம். அம்மாள் கையில் பட்டியல். புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, தண்ணீர் வடிகட்டி மாற்றினார்களா, அவசர வழி அடைபட்டிருக்கிறதா. கழிப்பறை பளிச்சென்று இருந்தால் ஒரு தட்டு பிரௌனி. லஞ்சம் மாதிரி இல்லையா என்று கேட்டேன். “மாதிரி எல்லாம் இல்லை, லஞ்சமேதான்” என்றார்.

ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் எல்லாரையும் வேனில் அடைத்துக்கொண்டு பெரியவர் பக்கத்து ஊரான சான் ஃபெர்னாண்டோவுக்கு ஓட்டினார். ஜீப்னிகளுக்கும் டிரைசிக்கிள்களுக்கும் நடுவே அவர் ஓட்டுகிற அழகைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அக்கா மகள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள் என்பதைத் தவிர. இந்த நாட்டில் கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். கிறிஸ்துமஸின் தலைநகரம் சான் ஃபெர்னாண்டோதான் என்று பெயர். காரணம், ராட்சத விளக்குப் போட்டி. இருபது அடி விட்டத்தில், ஆயிரக்கணக்கான பல்புகளுடன் வட்ட நட்சத்திர விளக்குகள். கிராமத்துக்குக் கிராமம் போட்டி. பாட்டுக்கு ஏற்ப நிறம் பூவாய் விரிகிறது, சக்கரமாய்ச் சுற்றுகிறது, பொடிப்பொடியாய்ச் சிதறுகிறது. கூட்டம் வாய் பிளந்து நிற்கிறது.

நாங்கள் முன்னால் நிற்கவில்லை. பெரியவர் ஒரு விளக்குக்காரரோடு பத்து நிமிடத்தில் சிநேகமாகி, எல்லாரையும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஐயோ, அந்தப் பின்பக்கம்! இத்தனை ஜாலத்தையும் ஆட்டிவைப்பது கம்ப்யூட்டர் என்றுதானே நினைப்பீர்கள்? இரும்புப் பீப்பாய்! பீப்பாயின் மேல் வரிவரியாகக் காகித டேப். டேப் ஒட்டிய இடத்தில் மின்சாரம் பாயாது, ஒட்டாத இடத்தில் பாயும். பீப்பாயை உரசிக்கொண்டு வரிசையாகக் கம்பிகள். கம்பி முனையில் கூந்தலுக்குக் குத்துகிற ஹேர்பின். பனியன் முதுகோடு ஒட்டிப்போன ஒரு மனிதர் பாட்டைக் காதில் வாங்கிக்கொண்டு பீப்பாயைக் கையால் சுற்றுகிறார். இந்தப் பக்கம் அவர் சுற்றச் சுற்ற, அந்தப் பக்கம் ஆயிரம் பேர் “ஓ” என்கிறார்கள். பின்னால் நிற்கிற அவர் கண்ணுக்கு விளக்கின் அழகு ஒரு பொட்டும் தெரியாது. பெரியவர் குழந்தையாகிவிட்டார். ஹேர்பின்னைக் குனிந்து பார்க்கிறார், நிமிர்ந்து மனைவியைக் கூப்பிடுகிறார், மறுபடி குனிகிறார். அன்றிரவு வீடு திரும்பும்வரை பீப்பாயைத் தவிர வேறு பேச்சில்லை. என் அபிப்பிராயம், ஊருக்கு வந்ததிலிருந்து அவர் செய்த மிக உருக்கமான வழிபாடு அதுதான்.

மிஷன் முழுக்கக் கூடுகிற கிறிஸ்துமஸ் கூட்டம் அடுத்த வாரத்தில். வெளியாருக்கு அது பாட்டும் பிரசங்கமும் உள்ள ஒரு காலைப்பொழுது. நாங்கள் இருட்டோடு இருட்டாக நாலு மணிக்கே போய்விட்டோம். வழியில் கத்தோலிக்கக் கோயில்களில் விடிகாலைப் பூசை; டிசம்பர் 16 முதல் 24 வரை தினமும் உண்டு. வாசலில் பலகாரக் கடை. மூங்கில் குழாயில் அவித்த ஊதா நிற அரிசிப் பண்டம், மேலே தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும். வாழையிலையில் மாவு ஊற்றி, மேலும் கீழும் கனல் வைத்துச் சுடுகிற பிபிங்கா. சூடாக இஞ்சிச்சாறு. அந்த இஞ்சிச்சாறு என்னைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும். இந்தச் சபையில் காபி கிடையாது, டீ கிடையாது. நாலு மணிக்கு எழுந்த தமிழச்சிக்கு அவர்கள் அன்போடு நீட்டியது மைலோ. கண்ணில் நீர் வந்தது. நன்றியால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சபைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் கூரை போட்ட கூடைப்பந்து மைதானம். அங்கேதான் சமையல். வாளி வாளியாகப் பேன்கேக் மாவு. மின்சார வாணலிகள் நாலையும் ஒரே நேரத்தில் போட்டதும் கட்டடம் முழுக்க விளக்கு அணைந்தது. இருட்டில் யாரோ கைதட்டினார்கள். சபை அம்மாக்கள் சளைக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் இரண்டு கேஸ் அடுப்பு வந்துவிட்டது, டார்ச்சைப் பிடிக்க ஒரு சிறுவன் வந்துவிட்டான். பெரியவர் ஒரு அடுப்பின் முன் நின்றார். இன்னொன்றில் யார் என்று தேடினார்கள். தோசைக் கரண்டி பிடித்த கை சும்மா இருக்குமா? பாதிப் பேருக்கு வேண்டுமென்றே மெல்லியதாகச் சுழற்றி மொறுமொறுவென்று எடுத்தேன். பெரியவர் வரிசையைவிட என் வரிசை நீண்டது. அவர் திரும்பிப் பார்த்து, “இது போட்டி இல்லை” என்றார். போட்டிதான்.

ஏழு மணிக்குள் அவருடைய சட்டை நனைந்து முதுகெலும்பு தெரிந்தது. ஐடஹோவில் இந்த நேரத்துக்கு மண்வாரியால் பனி தள்ளிக்கொண்டிருப்பாராம். இங்கே பனிக்குப் பதில் மாவு, மூக்குவரை.

நாடகத்தின் மேடைப் பின்பக்கம் என்பது கழிப்பறைக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள நடைவழி. அதில் ஒரே நேரத்தில் மூன்று ஞானிகள், நாலு ஆடுகள், ஒரு கழுதை, பெத்லகேமின் சத்திரக்காரர், தொலைந்துபோன செருப்பைத் தேடும் தேவதூதர். யோசேப்புக்குத் தாடி வேண்டும். மிஷனரிகள் எல்லாரும் மழமழவென்று சவரம் செய்தவர்கள். ஆகவே என் அக்கா மகள் கண்மையால் தாடி வரைந்தாள். ஆடுகளுக்குக் குளியலறை மிதியடி. கழுதைக்கு ஒரு போர்வை, அதற்குள் இரண்டு பேர். மிஷனரிகள் எப்போதும் தங்கள் ஜோடியைப் பிரியக் கூடாது என்பது விதி. எனவே முன்கால் யாரோ, பின்கால் அவருடைய ஜோடி. “விதியை இவ்வளவு நெருக்கமாகக் கடைப்பிடித்த ஜோடி இதுவரை இல்லை” என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. ஞானிகளில் ஒருவர் டோங்கா, ஒருவர் சமோவா, ஒருவர் லெய்த்தே தீவு. டோங்காக்காரர் கிரீடத்துக்குத் தங்கத்தாள் ஒரு சுற்று போதவில்லை, இன்னொரு சுருள் பிரித்தார்கள். குழந்தை இயேசு நிஜக் குழந்தை. அழவே இல்லை. நடுநாடகத்தில் யோசேப்பின் தாடியைப் பிடித்துத் தடவி, அந்தக் கரிக்கையைத் தன் கன்னத்தில் இழுத்துக்கொண்டது. மரியாளாக இருந்த சிபு தீவுப் பெண்ணுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. பக்தியில் அழுகிறாள் என்று நினைத்து முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

பிறகு காலுறைகள். அதுவரை மைதானமே அதிர்ந்துகொண்டிருந்தது. டை எடுத்தார்கள், ஆரவாரம். மாம்பழம் எடுத்தார்கள், பண்டமாற்று. அடியில் கை போனதும் ஒவ்வொரு மூலையாகச் சத்தம் அடங்கியது. நாய்ப் படம் கிடைத்த பையனை நான் தேடினேன். அவன் அழவில்லை, வாய்விட்டுச் சிரித்தான்; படத்தைப் பக்கத்தில் இருந்தவனிடம் காட்டி, அந்த நாயின் கெட்ட குணங்களை எல்லாம் விவரித்துக்கொண்டே போனான். அம்மாள் பெரியவரை ஒரு பார்வை பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் கழுவுகிற குழாயடிக்கு ஒரு பையன் வந்தான். சமார் தீவுக்காரன், ஒல்லி, பேச்சு குறைவு. கையில் மடித்த தாள். பெரியவர் முழங்கை வரை சோப்பு நுரையோடு வாணலி தேய்த்துக்கொண்டிருந்தார். பையன் தயங்கி நின்று, பிறகு கேட்டான்.

“அப்புறம் அந்த டிராக்டர் வெளியே வந்ததா?”

கடிதத்தில் அதை எழுதவே இல்லையாம் மனிதர்! தாள் தீர்ந்ததால் முடித்துவிட்டார். வாணலியைக் கீழே வைத்தார். ஈரக் கையாலேயே தரையில் கோடு போட்டு, இது வாய்க்கால், இது சரிவு, இங்கே டிராக்டர் என்று ஆரம்பித்தார். பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் வீட்டில் எருமை மாடு புதைந்தால் எப்படி எடுப்பார்கள் என்று அவன் ஒரு கோடு போட்டான். மிச்ச வாணலிகளை நானும் அம்மாளும் தேய்த்தோம்.

24ஆம் தேதி மாலையிலிருந்து வீட்டு வாசலில் பாட்டுக்காரப் பொடிசுகள். சோடா மூடிகளைத் தட்டையாக்கிக் கம்பியில் கோர்த்த ஜால்ரா, பால் டப்பாவில் செய்த மேளம். பாட்டு பெரும்பாலும் முதல் இரண்டு வரி, அப்புறம் கை நீட்டல். பெரியவர் இதற்கென்றே வங்கியில் புது நோட்டு மாற்றி வைத்திருந்தார். மொடமொடக்கும் ஐம்பது பெசோ. ஒரே கூட்டம் தொப்பியை மாற்றிக்கொண்டு மூன்று தடவை வந்தது. தெரிந்தேதான் கொடுத்தார். காசு வாங்கியதும் குழந்தைகள் அவர் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொள்கிறார்கள். இங்கே பெரியவர்களுக்கு மரியாதை அப்படி. “லோலோ, லோலா” என்று தாத்தா பாட்டி முறையும் வந்துவிடும்.

வீட்டுக்காரம்மா கத்தோலிக்கர். நள்ளிரவுப் பூசை முடித்து வந்து, நோச்சே புவேனா என்கிற நடுநிசி விருந்துக்கு எல்லாரையும் இழுத்து உட்கார வைத்தார். பன்றித் தொடைக்கறி, சிவப்பு மெழுகு பூசிய உருண்டைப் பாலாடைக்கட்டி, சர்க்கரைத் தித்திப்பில் நூடுல்ஸ் (ஸ்பகெட்டிதான், ஆனால் பாயச வம்சம்), பழக்கலவை, பொரித்த லும்பியாச் சுருள். என் பங்கு ஒரு டப்பா முறுக்கு. வெங்காய வளையமா என்று கேட்டவர்களை மன்னித்துவிட்டேன். தம்பதி வழக்கமாக ஒன்பது மணிக்குத் தூங்குகிறவர்கள். வானவெடி தெருவையே தூக்கிப் போடுகிறது. பெரியவர் மடியில் தட்டு, தட்டில் பாதி லும்பியா, தலை மார்பில். அம்மாள் அந்த லும்பியாவை எடுத்துத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல இருந்தார்.

மறுநாள் பகல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. தூங்கினார்கள்.

இரவு பத்து மணிக்குத்தான் அவர்களுடைய கிறிஸ்துமஸ். ஐடஹோவுக்கும் இந்த ஊருக்கும் பதினைந்து மணி நேர வித்தியாசம். அங்கே அப்போதுதான் 25ஆம் தேதி காலை ஏழு. மடிக்கணினியைப் புத்தக அடுக்கின் மேல் ஏற்றி வைத்தார்கள். அம்மாள் புது ரவிக்கை போட்டு, பவுடர் பூசி வந்தார். கீழே வீட்டு அரைக்கால் சட்டைதான், அது கேமராவுக்குத் தெரியாது. திரையில் இருபது தலைகள், ஜன்னலுக்கு வெளியே பனி. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். பரிசுத்தாள் கிழிகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பொடியன் தன் புது டிரக்கைக் கேமராவுக்கு வெகு அருகில் கொண்டுவந்து, ஐந்து நிமிடம் எங்களுக்கு ஒரு டயரை மட்டும் காட்டினான். இன்னொருத்தி, பாட்டி எப்போது வருவாள் என்று கேட்டாள். அம்மாள் பதில் சொல்லத் தொடங்கி, தண்ணீர் குடிக்கப் போனார். பெரியவர் சமாளித்தார்: விளக்கு, பீப்பாய், ஹேர்பின். அங்கே யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லாரும் சிரித்தார்கள்.

இந்த நேரத்தில் அவருடைய கைப்பேசி அடித்தது. ஒரு பையன். வயிற்று வலியாம். அம்மாள் ஒரு கையால் பேரப்பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, மறு கையால் கைப்பேசியைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

“இன்றைக்கு எத்தனை வீட்டில் சாப்பிட்டாய்?”

இந்த ஊரில் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் போனால் அவமானம். மிஷனரிப் பையனுக்கு மறுக்கவும் தெரியாது.

“ஏழு.”

“ஏழிலும் சுட்ட பன்றியா?”

அந்தப் பக்கம் மௌனம். என் அக்கா மகள் எட்டிக் குதித்து, காய்ச்சல் உண்டா, எந்தப் பக்கம் வலி, வாந்தி எடுத்தானா என்று முழு மருத்துவராகக் கேள்வி மேல் கேள்வி போட்டாள். “வலது பக்கம் கீழேயான்னு கேளுங்க லோலா! இல்ல, அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்க!” திரையில் இருந்த இருபது பேரும் பரிசை விட்டுவிட்டு இதைக் கேட்க நெருங்கி உட்கார்ந்தார்கள். ஐடஹோவிலிருந்து ஒரு மருமகள் இஞ்சி கொடுக்கச் சொன்னாள். டிரக் பொடியன், அந்த அண்ணன் செத்துப்போவானா என்று ஆசையோடு கேட்டான்.

பெரியவர் ஏற்கெனவே ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சாவி, மிச்சம் இருந்த ஒரு சிவப்புக் காலுறைக்குள் கிடைத்தது.